சுந்தரவல்லியின் முதல் கேள்வி

“கார் ஹொயே போல்ச்சோ?”

கரியாஹாட் நடைபாதையில், கையில் ஒரு புடலங்காயைப் பிடித்தபடி சுந்தரவல்லி கேட்கிறார். யாருக்காகச் சொல்கிறாய் என்று அர்த்தம். பக்கத்துச் சந்தில் புதிதாக ஒரு தையல்காரர் வந்திருக்கிறார், ரவிக்கை கச்சிதமாகத் தைக்கிறார் என்று காய்கறிக்காரர் சொல்லி வாயை மூடவில்லை, அதற்குள் கேள்வி வந்து விழுந்துவிட்டது. பதினைந்து வருஷமாக இந்தக் கேள்விக்குப் பழகியவர் காய்கறிக்காரர். தலையைச் சொறிந்துகொண்டு, “ஆமார் ஷாலா, மாஷிமா” என்கிறார். மைத்துனனாம். சுந்தரவல்லிக்கு முகம் மலர்ந்துவிடுகிறது. “இதை முதல்லயே சொல்லப்படாதோ!” என்று தமிழில் செல்லமாகக் கடிந்துவிட்டு, நேரே அந்த மைத்துனனிடமே போய் இரண்டு ரவிக்கைத் துணியைக் கொடுத்துவிட்டு வருகிறார்.

மைத்துனனுக்காகப் பேசுவது தப்பு என்று அவர் ஒருநாளும் நினைத்ததில்லை. “யாருக்காக வேணா பேசு. ஆனா யாருக்காகன்னு சொல்லிட்டுப் பேசு.” இதுதான் அவருடைய சித்தாந்தம். ரத்தப் பரிசோதனைக்கு ஒரு குறிப்பிட்ட லேபைச் சொல்லும் டாக்டரிடமும் கேட்பார், கல்யாண ஜாதகத்தோடு வரும் உறவுக்காரரிடமும் கேட்பார். டாக்டருக்குக் கோபம் வந்தது. உறவுக்காரர் மாப்பிள்ளையின் சித்தப்பா என்பது தெரியவந்தது.

பிறத்தியாரைக் குடைவதோடு நின்றிருந்தால் இவரைப் பற்றி எழுத ஒன்றும் இருந்திருக்காது. ஊரில் அப்படி ஆயிரம் பேர். சுந்தரவல்லி தன்னையும் அதே கேள்வியில் நிறுத்திக்கொள்கிறவர். அவர் குடியிருக்கும் கட்டடத்தில் லிஃப்ட் பராமரிப்பை யாருக்குக் கொடுப்பது என்று கூட்டம் போட்டார்கள். எல்லாரும் கத்திக்கொண்டிருக்கும்போது இவர் எழுந்து, பட்டியலில் இருந்த முதல் கம்பெனி மேனேஜரின் மனைவி தன்னோடு பாட்டு கற்றுக்கொள்பவர் என்றும், போன வாரம் அவர் ஒரு டப்பா சந்தேஷ் இனிப்பு கொடுத்தார் என்றும், அதில் நான்கைத் தான் தின்றுவிட்டதாகவும் தெளிவான வங்காளியில் அறிவித்தார். “இது தெரிஞ்சப்பறம் நான் சொல்றதை எடுத்துக்கறதும் தள்றதும் உங்க இஷ்டம்.” செயலாளர் தத்தா பாபுவுக்குச் சிரித்துச் சிரித்து இருமலே வந்துவிட்டது. ஆனால் அன்றைக்குக் கூட்டம் கேட்டுக்கொண்டது இவர் பேச்சை மட்டும்தான்.

இந்தப் பழக்கம் உத்தியோகத்துக்கும் கூடவே வந்தது. சுந்தரவல்லிக்கு வயது ஐம்பத்து நான்கு. பிறந்தது, வளர்ந்தது, வங்காளிப் பெண்களோடு சண்டை போட்டுப் படித்தது எல்லாம் கல்கத்தாதான். கணவர் சேஷாத்ரி கார்டன் ரீச்சில் ரயில்வே தலைமையகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரே பெண் ரஞ்சனா. அவள் கல்லூரிக்குப் போன பிறகு, நாற்பத்து மூன்றாவது வயதில், “ஆத்துல உக்காந்து சீரியல் பாக்க என்னால ஆகாது” என்று சொல்லிவிட்டு சால்ட் லேக் செக்டர் ஃபைவில் ஓர் அலுவலகத்தில் சேர்ந்தார். பதினோரு வருஷமாயிற்று.

அங்கே என்ன வேலை என்று கேட்டால் சேஷாத்ரி, “அமெரிக்காவுல யார் யாருக்கு ஜால்ரா போடறான்னு இவ இங்கேர்ந்து பாத்துண்டிருக்கா” என்பார். கேலி என்றாலும் விஷயம் ஏறக்குறைய அதுதான். அமெரிக்க மாநிலச் சட்டசபைகளில் உறுப்பினர்களைப் பார்த்து, இந்தச் சட்டத்தைக் கொண்டு வாருங்கள், அதை விட்டுவிடுங்கள் என்று பிறருக்காகப் பேசுவதையே தொழிலாகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் தங்களை அரசாங்கத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும். யாருக்காகப் பேசுகிறேன், செலவு யாருடையது, பின்னால் வெளிநாட்டார் எவராவது நிற்கிறார்களா என்று படிவத்தில் சொல்ல வேண்டும். அந்தப் படிவங்களைச் சரிபார்த்து அனுப்பித் தருவது சுந்தரவல்லியின் அலுவலகம். முழு உலகத்தையும் பார்த்து “யாருக்காகச் சொல்றே?” என்று கேட்பதற்குச் சம்பளம் கொடுக்கும் வேலை. அவருக்கென்றே செய்து வைத்ததுபோல இருந்தது.

வேலை லேசானதில்லை. ஒரு மாநிலம் வெளிநாட்டு அரசாங்கத்தை மட்டும் கேட்கும், இன்னொன்று வெளிநாட்டுக் கம்பெனியையும் கேட்கும், மற்றொன்று நேராகவா சுற்றிவளைத்தா என்று துருவும். “ஐம்பது மாநிலம், ஐம்பது மாமியார். ஒருத்திக்குப் பண்ணின சாம்பார் இன்னொருத்திக்கு ஆகாது” என்பார் சுந்தரவல்லி. ஐம்பது மாமியாரின் பக்குவமும் அவருக்கு மனப்பாடம். அமெரிக்காவை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. பதினோரு வருஷத்தில் அவர் கை பட்டுப் போன படிவம் ஒன்றுகூடத் தப்பு என்று திரும்பி வந்ததுமில்லை.

அந்தப் பெருமை அவருக்கு நிறையவே உண்டு. மறைத்ததில்லை. இந்த வருஷம் தரப் பிரிவுக்குத் தலைவர் பதவி காலியாகப் போகிறது என்று தெரிந்ததும், “எனக்கு அது வேணும்” என்று மேலாளர் ஜெயந்திடம் நேராகவே சொல்லிவிட்டார். தலைவரின் அறை ஜன்னலைத் திறந்தால் தூரத்தில் மீன் வளர்க்கும் ஏரிகள் பளபளக்கும். ஜன்னலோரம் எந்தப் பக்கம் மணி பிளான்ட்டை வைப்பது என்பது வரை யோசித்து வைத்திருந்தார்.

வீட்டில் அவருக்கு இன்னொரு வழக்கம். வருகிறவர்களுக்கெல்லாம் காபி உண்டு. ஆனால் வெளியாளுக்கு நீலப் பூப்போட்ட பீங்கான் கோப்பை, வீட்டு மனிதர்களுக்குப் பெயர் பொறித்த எவர்சில்வர் டம்ளர். ரஞ்சனாவின் கணவன் ஸ்ரீநாத் கல்யாணத்துக்குப் பிறகு இரண்டு முறை கோப்பையில் குடித்தான். மூன்றாம் முறை டம்ளர் வந்தது. லேக் மார்க்கெட் பாத்திரக் கடைக்காரருக்குத் தமிழ் எழுத்து தெரியாது. சுந்தரவல்லி காகிதத்தில் எழுதிக் கொடுத்ததைப் பார்த்துப் பார்த்துப் பொறித்ததில் ‘ஸ்ரீ’ கொஞ்சம் நொண்டியது. அதற்காகவே ஸ்ரீநாத்துக்கு அந்த டம்ளரின் மேல் தனிப் பிரியம். வேறு எதில் கொடுத்தாலும் காபி காபியாக இல்லை என்பான்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வண்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜாதவ்பூரில் நின்றது.

பெண் வீட்டில் சாப்பாடு. தயிர் எடுக்க ஃப்ரிட்ஜ் பக்கம் போனார் சுந்தரவல்லி. கதவில், காந்தத்தின் அடியில், ஸ்ரீநாத்தின் புதிய விசிட்டிங் கார்டு. அவன் துறைமுகங்களுக்குப் பாரந்தூக்கி செய்யும் சுபர்ணா கிரேன்ஸ் என்ற கம்பெனியில் ஏற்றுமதிப் பிரிவில் இருக்கிறான். வெளிநாட்டாருக்குக் கொடுக்கும் கார்டு என்பதால் தொலைபேசி எண்ணைப் பூஜ்யம் முப்பத்து மூன்று என்று உள்ளூர் வழக்கப்படி போடாமல், தொண்ணூற்று ஒன்று, முப்பத்து மூன்று என்று நாட்டு எண்ணோடு போட்டிருந்தது. கடைசி நான்கு இலக்கம் இரண்டு முறை நாற்பத்து ஏழு.

தயிர்க் கிண்ணத்தில் வைத்த கை அப்படியே நின்றது. இந்த எண்ணை இதே உருவத்தில் எங்கோ பார்த்திருக்கிறோம்.

“அம்மா, ஃப்ரிட்ஜை மூடு. ஷொப் தாண்டா பெரியே ஜாச்சே” என்றாள் ரஞ்சனா. குளிரெல்லாம் வெளியே போகிறதாம். அவளுக்குத் தமிழ் பாதியிலேயே வங்காளியாகிவிடும்.

அந்த எண் இருந்தது, மூன்று வாரத்துக்கு முன் அமெரிக்கக் கடலோர மாநிலம் ஒன்றிலிருந்து வந்த படிவத்தில். அதைக் கொடுத்த அமைப்புக்குத் துறைமுக நண்பர்கள் சங்கம் என்று பெயர். வெளிநாட்டுப் பாரந்தூக்கிகளுக்குத் தடை போடும் சட்டம் ஒன்று அங்கே வரவிருந்தது. அதை எதிர்த்துப் பேச ஓர் ஆளை அமர்த்தியிருந்தார்கள். பின்னால் வெளிநாட்டார் உண்டா என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்று டிக் போட்டிருந்தார்கள். முதலில் பார்த்தது மஹிமா, கூட வேலை பார்க்கும் பெண். இரண்டாவதாகப் பார்த்துக் கையெழுத்துப் போட்டது சுந்தரவல்லி. இணைப்பாக வந்த ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில், சந்தேகம் இருந்தால் அழைக்க வேண்டிய எண் என்று பொடி எழுத்தில் ஒன்று இருந்தது.

லண்டன் எண்ணோ துபாய் எண்ணோ இருந்திருந்தால் அரை மைல் தூரத்திலிருந்தே பிடித்திருப்பார். இது கல்கத்தா எண். பால்காரர், கேஸ் ஏஜென்சி, ஆஸ்பத்திரி என்று நாள் முழுக்கப் பார்த்துப் பழகிய முப்பத்து மூன்று. மஹிமாவுக்கும் கண் நிற்கவில்லை, இவருக்கும் கண் நிற்கவில்லை. அந்தப் படிவத்துக்கு வெளிநாடு என்பது கல்கத்தாதான் என்பது இரண்டு பேருக்கும் உறைக்கவே இல்லை. உலகத்தில் வேறு எந்த ஊரில் உட்கார்ந்து பார்த்திருந்தாலும் இந்தத் தப்பு நடந்திருக்காது.

மேஜையில் ஸ்ரீநாத் உற்சாகமாக ஆரம்பித்தான். “அமெரிக்கா ஆர்டர் மட்டும் வந்துடுத்துன்னா அம்மா, அடுத்த மாசமே எனக்கு ப்ரமோஷன் கன்ஃபர்ம். அங்க ஒரு சட்டம்தான் குறுக்க நிக்கறது. அதுக்கு எங்க கம்பெனி...”

“மாப்பிள்ளை, நிறுத்துங்கோ.”

எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள். சுந்தரவல்லி தயிர்க் கிண்ணத்தை மேஜையில் வைத்தார். “ஆபீஸ் விஷயம் எங்கிட்ட பேசப்படாது. ஏன்னு கேக்காதீங்கோ, என்னால சொல்ல முடியாது. சொல்ல முடியாதுங்கறதை மட்டும் இப்பவே சொல்லிடறேன்.”

சேஷாத்ரி மட்டும் ரசத்தைப் பார்த்தபடி, “இதுக்கு மேல உங்கிட்டேர்ந்து ஒண்ணும் வராதுன்னு அர்த்தம்” என்றார். முப்பது வருஷ அனுபவம்.

திங்கட்கிழமை அலுவலகத்தில் அந்தப் படிவத்தைத் திறந்து பார்த்தார். அதே எண். பிறகு எழுந்து ஜெயந்தின் அறைக்குப் போனார். பதினோரு வருஷத்தில் முதன்முறையாகத் தன் பெயரிலேயே ஒரு திருத்த அறிக்கை எழுத வேண்டும் என்றார். அந்த அறிக்கையிலும் ஒரு கேள்வி உண்டு: எழுதுகிறவருக்கு இந்த விஷயத்தில் சொந்தத் தொடர்பு ஏதேனும் இருக்கிறதா? ‘ஆம்’ என்று எழுதினால் அவருடைய பழைய கோப்புகள் எல்லாவற்றையும் வேறு ஆட்கள் கிளறிப் பார்ப்பார்கள். மாதக் கணக்கில் ஆகும். அதுவரை பதவி என்ற பேச்சே கிடையாது.

ஜெயந்த் நல்லவன். நாற்பது வயதுக்குள் மேலாளரானவன். அலுவலக விஷயம் என்றால் ‘மேடம்’, வராந்தாவில் ‘மாமி’.

“மாமி, கொஞ்சம் யோசிங்கோ” என்றான். அறைக்குள்ளேயே மாமி வந்துவிட்டது. “கையெழுத்துப் போட்டப்போ அது உங்க மாப்பிள்ளை கம்பெனின்னு உங்களுக்குத் தெரியாது. தப்பை மஹிமா கண்டுபிடிச்சதா இருக்கட்டும். படிவம் எப்படியும் திருத்தப்படும். சட்டம் கேக்கறது அவ்வளவுதானே? உங்க பேர் எதுக்கு?”

பொய் சொல்லச் சொல்லவில்லை அவன், பேசாமல் இருக்கத்தான் சொன்னான். ஜன்னல், ஏரி, மணி பிளான்ட் எல்லாம் ஒரு நொடி கண்முன் வந்து போயின என்று பிறகு சுந்தரவல்லியே ஒப்புக்கொண்டார். ஆசை இல்லாதவர் மாதிரி நடிக்க அவருக்கு வராது.

“ஜெயந்த், இதை நீ யாருக்காகச் சொல்றே?”

“உங்களுக்காகத்தான், மாமி.”

சுந்தரவல்லி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜெயந்த் பேனாவை மூடினான், திறந்தான். “எனக்காகவும்தான், மேடம்” என்றான் கடைசியில். “உங்க ஃபைலையெல்லாம் திறந்தா எங்க டீம் ரேட்டிங் போயிடும்.”

“சொன்னியே, அது போதும். உம்மேல எனக்கு வருத்தமே இல்லை” என்றார் சுந்தரவல்லி. திரும்பித் தன் இடத்துக்கு வந்து அறிக்கையைத் திறந்தார். தப்பு செய்தவர் யார் என்ற இடத்தில் தன் பெயர். வெளிநாட்டாரின் ஊர் என்ற இடத்தில் கொல்கத்தா. ஐம்பத்து நான்கு வருஷமாக வாழ்ந்த ஊரை அந்தக் கட்டத்தில் போடுவது விசித்திரமாக இருந்தது. சொந்தத் தொடர்பு என்ற இடத்தில் ‘ஆம், மகளின் கணவர்’.

இந்த இடத்தில் எழுந்து நின்று கை தட்டத் தோன்றுகிறது. நம்மில் எத்தனை பேர் ஜெயந்தின் பேச்சைக் கேட்டு, நன்றி சொல்லிவிட்டு வீட்டுக்குப் போயிருப்போம்!

அதன் பிறகு நடந்தது எதுவும் இனிப்பில்லை. தரப் பிரிவுப் பதவி வேறொருவருக்குப் போயிற்று. சுந்தரவல்லியை மூலையில் ஒரு மேஜைக்கு மாற்றினார்கள். பழைய கோப்புகளைப் பெட்டி பெட்டியாகத் தோண்டிக்கொண்டிருந்தார்கள், இன்னொரு தப்பும் கிடைக்கவில்லை. ஸ்ரீநாத்தின் கம்பெனி எதிர்பார்த்திருந்த ஆர்டர் தொங்கலில் நின்றது. ரஞ்சனாவுக்கு என்ன தெரிந்ததோ, எவ்வளவு ஊகித்தாளோ, தொலைபேசியில் அழுதாள். “அம்மா, நீ யார் பக்கம்?” என்றாள். ஊரையெல்லாம் கேட்ட கேள்வி இப்போது பெண்ணின் வாயிலிருந்து திரும்பி வந்தது. இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் யாரும் யார் வீட்டுக்கும் போகவில்லை. சேஷாத்ரி அலமாரியில் இருந்த அந்த நொண்டி ‘ஸ்ரீ’ டம்ளரைப் பார்ப்பதும் பேப்பரைப் பார்ப்பதுமாக இருந்தார்.

மூன்றாம் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸ்ரீநாத் தனியாக வந்தான். சுந்தரவல்லி ஒன்றும் கேட்காமல் அவனுடைய டம்ளரில் காபி கொண்டுவந்து வைத்தார். அவன் அதைத் தொடவில்லை.

“அம்மா, ஒண்ணு கேக்கணும்.”

“யாருக்காகக் கேக்கறேள்?”

நான்கு வருஷமாக அந்த வீட்டு மாப்பிள்ளை அவன். “கம்பெனிக்காக” என்றான்.

சுந்தரவல்லி அவன் முன்னால் இருந்த டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். சேஷாத்ரி பேப்பரைத் தாழ்த்தினார். திரும்பி வந்தபோது அதே காபி நீலப் பூப்போட்ட கோப்பையில், சாஸரோடு இருந்தது. அவன் எதிரில் வைத்துவிட்டு, நாற்காலியை இழுத்துப்போட்டு நேராக உட்கார்ந்தார்.

“கேளுங்கோ.”

“படிவத்தைத் திருத்தணும்னு அங்கேர்ந்து நோட்டீஸ் வந்திருக்கு. சட்டம் ஓட்டுக்கு வர வரைக்கும் கொஞ்சம் தள்ளிப் போட வழி இருக்கான்னு... நீங்க இந்த வேலைலதான் இருக்கேள்னு எங்க டைரக்டருக்குத் தெரியும். கேட்டுண்டு வரச் சொன்னார்.”

“அந்த நோட்டீஸ் எங்க ஆபீஸுக்குச் சம்பந்தப்பட்டதா இல்லையான்னுகூட நான் சொல்ல மாட்டேன். வழியும் சொல்ல மாட்டேன்” என்றார் சுந்தரவல்லி. “நீங்க வந்து கேட்டேள்ங்கறதை நாளைக்கு ஆபீஸ்ல எழுதிக் கொடுத்துடுவேன். உங்க பேரோட.”

வீதியில் மீன்காரரின் குரல் வந்து, வீட்டைத் தாண்டிப் போயிற்று. ஸ்ரீநாத் கோப்பையை எடுத்து ஒரே மூச்சில் குடித்தான். கல்யாணமான புதிதில் குடித்தது போலவே சத்தம் வராமல், மரியாதையாக.

“எழுதுங்கோ, அம்மா. டைரக்டர்கிட்டயும் இப்படியேதான் சொல்லப் போறேன்” என்றான். பிறகு கோப்பையை சாஸரோடு தள்ளி வைத்தான். “கம்பெனி வேலை முடிஞ்சுது. இப்போ எனக்காக ஒண்ணு கேக்கறேன். இன்னும் கொஞ்சம் காபி கிடைக்குமா?”

சுந்தரவல்லி எழுந்து உள்ளே போனார். உள்ளே அடுப்பு பற்றவைக்கும் சத்தம் கேட்டது, பால் பொங்கும் சத்தம் கேட்டது. வெகுநேரம் கழித்து, விளிம்பு தளும்ப எவர்சில்வர் டம்ளரோடு வந்தார். மேஜையில் வைத்தார். பிறகு, சுடச்சுட இருந்த அந்த டம்ளரைப் புடவைத் தலைப்பால் பிடித்து, நொண்டி ‘ஸ்ரீ’ அவனைப் பார்க்கும்படி திருப்பி வைத்தார்.